ஓடுகிற ரயிலுக்குச் சொத்து வரி போடுவது எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கெர்ன் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது) தெஹாச்சப்பி மலை ஏறும் இடத்தில் ரயில் பாதை ஒரு முழு வட்டம் அடிக்கும். நீளமான கூட்ஸ் வண்டி வந்தால், வண்டியின் வால் கீழே சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருக்க, அதன் தலைக்கு மேலேயே இன்ஜின் கடந்து போவதைப் பார்க்கலாம். 1876-இல் சதர்ன் பசிபிக் கம்பெனி போட்ட பாதை அது. இன்று யூனியன் பசிபிக்குக்குச் சொந்தம். ஆனால் அதே தண்டவாளத்தில் பி.என்.எஸ்.எஃப் கம்பெனியின் வண்டிகளும் ஓடுகின்றன. கோத்திருக்கும் வேகன்களில் பல இந்த இரண்டு கம்பெனிகளுக்குமே சொந்தமில்லாதவை.

இப்போது கெர்ன் கவுன்ட்டியின் வரி அலுவலராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரி போடத் தெரியும், கடைக்குத் தெரியும், பாதாம் தோப்புக்கும் தெரியும். கண் முன்னால் போகிற இந்த வண்டிக்கு என்ன வரி போடுவீர்கள்? இன்று இங்கே இருக்கிறது, நாளை அரிசோனாவில் இருக்கும். பாதை மட்டும் நகராது, சரி. ஆனால் ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள பாதையில் உங்கள் கவுன்ட்டிக்குள் கிடக்கும் துண்டுக்கு மட்டும் எப்படி விலை சொல்வீர்கள்?

நம் ஊரில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. இந்திய ரயில்வே ஒன்றிய அரசின் சொத்து. அரசியலமைப்பின் 285-ஆவது பிரிவு, ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் சரக்கு ரயில் கம்பெனிகள் தனியார் நிறுவனங்கள். நிலம், பாதை, பாலம், இன்ஜின் எல்லாம் பங்குதாரர்களின் சொத்து. அங்கே சொத்து வரிதான் உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் தீயணைப்பு நிலையங்களுக்கும் பெரிய வருவாய். அதனால் ரயில் கம்பெனி எவ்வளவு கட்டுகிறது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் வகுப்பறை வரைக்கும் வந்து நிற்கிற விஷயம்.

துண்டு போட்டால் விலை இல்லை

மொஹாவே பாலைவனத்தின் நடுவே ஒரு மைல் பாதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை இரும்பு, கட்டைகள், ஜல்லி, யாரும் வாங்க வராத ஒடுக்கமான நிலப்பட்டை. பழைய இரும்புக் கடைக்காரரை அழைத்துக் கேட்டால் எடைக்கு ஒரு விலை சொல்வார். அதே மைல் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தையும் சிகாகோவையும் இணைக்கும் பாதையின் ஒரு கண்ணி என்று பார்த்தால் கதை வேறு. அந்த ஒரு மைல் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் உள்ள பாதை முடங்கிப் போகும். சங்கிலியின் விலையைக் கண்ணி கண்ணியாக நிறுத்துச் சொல்ல முடியாது. இந்த வரி விதிப்பு முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு ஊர் அலுவலரும் தன் எல்லைக்குள் கிடந்ததைத் தனக்குத் தோன்றியபடி மதிப்பிட்ட காலம் உண்டு. ஒரு ஊரில் அடிமாட்டு விலை, அடுத்த ஊரில் யானை விலை. இதற்கு இல்லினாய் போன்ற மாநிலங்கள் கண்ட வழி, மாநில அளவில் ஒரே வாரியம் வைத்து, கம்பெனி முழுவதையும் ஒற்றை அலகாக மதிப்பிடுவது. பிறகு அந்த மதிப்பைப் பாதையின் நீளத்துக்கேற்ப ஊர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ரயில் கம்பெனிகள் இதை எதிர்த்து வழக்காடின. 1870-களின் நடுவில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லும் என்று சொல்லிவிட்டது.

1897-இல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆடம்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற பார்சல் கம்பெனிக்கு ஓஹையோ மாநிலத்தில் இருந்த குதிரை, வண்டி, இரும்புப் பெட்டி, கட்டடம் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு லட்சம் டாலரைத் தொடாது. மாநில வாரியமோ 5 லட்சத்துக்கு மேல் மதிப்புப் போட்டது. குதிரைக்கு இவ்வளவா என்று கம்பெனி கேட்டது. குதிரைகள் தனித்தனியாக நின்றால் குதிரைகள்தான். ஒரு தொழிலாகச் சேர்ந்து இயங்கும்போது கூடும் மதிப்பும் சொத்துதான் என்பது நீதிமன்றம் ஏற்ற வாதம்.

ஒரு வேலி கிளப்பிய வழக்கு

கலிஃபோர்னியா இந்த முறையை 1879-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் எழுதி வைத்தது. சதர்ன் பசிபிக் கம்பெனி அந்த மாநிலத்தில் வைத்ததே சட்டம் என்றிருந்த காலம். மக்களின் கோபம் அந்த அரசியலமைப்பின் வரிப் பிரிவில் அப்படியே பதிவாகியிருக்கிறது. மற்றவர்கள் சொத்து மதிப்பிலிருந்து அடமானக் கடனைக் கழித்துக்கொள்ளலாம், ரயில் கம்பெனிகள் கழிக்கக் கூடாது என்றது சட்டம். ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்ட்டிகளில் ஓடும் ரயில் கம்பெனியின் உரிமம், பாதை நிலம், பாதைப் படுகை, தண்டவாளம், வண்டிகள் ஆகியவற்றை ஸ்டேட் போர்டு ஆஃப் ஈக்வலைசேஷன் என்ற வாரியம் மதிப்பிட வேண்டும். மற்றவை கவுன்ட்டியின் வேலை.

பாதையின் இரண்டு பக்கமும் மாடு புகாமல் இருக்கப் போட்ட வேலி இருக்கிறதே, அது யார் கணக்கு? வாரியம் அதையும் தன் மதிப்பீட்டில் சேர்த்துவிட்டது. சான்டா கிளாரா கவுன்ட்டி வரி கேட்க, கம்பெனி மறுக்க, வழக்கு 1886-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பட்டியலில் வேலி இல்லை. வேலியின் மதிப்பை மொத்தத்திலிருந்து பிரித்தெடுக்கவும் வழியில்லை. ஆகவே மதிப்பீடே செல்லாது என்று தீர்ப்பு. கம்பெனிகளும் அரசியலமைப்பின் பார்வையில் 'நபர்' என்பதற்கு இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் வழக்கு இதுதான். ஆனால் அந்த வாசகம் தீர்ப்பில் இல்லை, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் நீதிமன்ற அலுவலர் எழுதிய தலைக்குறிப்பில்தான் இருக்கிறது. தீர்ப்பு நின்றது வேலியின் மேல். எந்தச் சொத்தை யாரிடம் எந்தத் தலைப்பில் காட்டுவது என்ற, பார்க்கச் சலிப்பூட்டும் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதே வாரியம் இன்றும் இருக்கிறது. நான்கு மாவட்டங்களிலிருந்து தேர்தலில் வரும் நான்கு உறுப்பினர்கள், கூடவே மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர். 2017-இல் வாரியத்தின் பல வேலைகளை வேறு துறைக்கு மாற்றினார்கள். அரசியலமைப்பு நேரடியாகக் கொடுத்த வேலை என்பதால் ரயில் கம்பெனிகளை மதிப்பிடுவது அதனிடமே நிலைத்தது. மின்சாரம், எரிவாயு, தொலைபேசிக் கம்பெனிகளும் இதே வாரியத்தின் கீழ்தான் வருகின்றன.

அறிக்கைதான் அடித்தளம்

வீட்டு வரிக்கு அலுவலர் வீதியில் நடந்து வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ரயில் கம்பெனியை அப்படிப் பார்க்க முடியாது. அதனிடம் என்ன இருக்கிறது என்பது முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கம்பெனிதான். அதனால்தான் சட்டம் முதல் பாரத்தை அதன் தோளில் வைக்கிறது: உன்னிடம் உள்ளதை நீயே எழுதிக் கொடு.

கலிஃபோர்னியாவில் மதிப்பீட்டு நேரம் ஜனவரி 1, அதிகாலை 12 மணி 1 நிமிடம். அந்த நிமிடத்தில் கம்பெனியிடம் என்ன இருந்ததோ அதுதான் அந்த ஆண்டின் கணக்கு. ஜனவரி 2-ஆம் தேதி விற்றாலும் பயனில்லை. சொத்து அறிக்கையை மார்ச் 1-க்குள் வாரியத்திடம் தர வேண்டும். பொய் சொன்னால் தண்டனைக்கு உள்ளாவேன் என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்து.

அதில் என்ன எழுத வேண்டும்? முதலில் சொத்துக் கணக்கு: எந்த ஆண்டில் எவ்வளவு செலவில் வாங்கியது அல்லது கட்டியது, இதுவரை தேய்மானம் எவ்வளவு, கட்டி முடியாமல் பாதியில் நிற்கும் வேலைகளில் போட்ட பணம் எவ்வளவு. பணிமனைக் கிடங்கில் குவித்து வைத்திருக்கும் உதிரிச் சாமான்களும் உண்டு. அந்த ஆண்டில் வாங்கிய நிலம், விற்ற நிலம், வரைபடத்தோடு. தொழிலுக்குப் பயன்படாமல் சும்மா கிடக்கும் நிலம் இருந்தால் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். அது அலகோடு சேராது, தனி விலை. பிறருக்குச் சொந்தமாக இருந்து தான் குத்தகைக்கு எடுத்தவையும் வந்தாக வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் சொல் 'சொந்தமான அல்லது பயன்படுத்தும்' சொத்து. தெஹாச்சப்பியில் ஒரு கம்பெனியின் பாதையில் இன்னொரு கம்பெனியின் வண்டி ஓடுவதை நினைத்துப் பார்த்தால் இந்த 'அல்லது' எதற்கு என்று புரியும்.

பிறகு வருமானக் கணக்கு, கடன் கணக்கு. அதன் பிறகு வருவதுதான் ரயிலுக்கே உரிய பகுதி: மொத்தப் பாதை எத்தனை மைல், இந்த மாநிலத்தில் எத்தனை, வண்டிகள் ஓடிய மைல் எத்தனை, சரக்கு எவ்வளவு. இந்த எண்களில் ஒன்று ஆடினால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பணம் ஆடும்.

கம்பெனி சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. பெரிய ரயில் கம்பெனிகள் ஆண்டுதோறும் சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்டேஷன் போர்டு என்ற ஒன்றிய அமைப்பிடமும் விரிவான அறிக்கை தருகின்றன. அங்கே ஒரு எண், இங்கே ஒரு எண் என்று எழுதினால் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அறிக்கை தராவிட்டாலோ நேரம் கடந்தாலோ? மதிப்பில் 10 சதவீதம் கூட்டுவார்கள். கவனியுங்கள், பத்து சதவீதம் ரொக்க அபராதம் கிடையாது. சொத்தின் மதிப்பே கூடிவிடும், வரி அந்தக் கூடிய மதிப்புக்கு வரும். அப்படிக் கூட்டும் மதிப்புக்கும் 2 கோடி டாலர் என்று உச்சவரம்பு உண்டு. ஒரு சதவீத வரி விகிதத்தில் அது சுமார் 2 லட்சம் டாலர் கூடுதல் வரி. கோடிக்கணக்கில் புழங்கும் கம்பெனிக்கு இது பெரிய அடி கிடையாது. வரம்பு இன்னும் உயரமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரியம் முடிவு செய்யும் மதிப்பு பொதுவில் வெளியாகிறது. அதற்கு ஆதாரமான சொத்து அறிக்கை ரகசியம். வியாபார விவரம் போட்டியாளர் கைக்குப் போகக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் பாதையின் மைல் கணக்கில் என்ன ரகசியம் இருக்கிறது? அதையாவது ஊர் மக்கள் பார்க்கும்படி வைக்கலாம்.

விலை சொல்வதும் பிரிப்பதும்

அறிக்கை வந்த பிறகு மதிப்பீட்டாளர்கள் மூன்று வழிகளில் பார்ப்பார்கள். போட்ட முதலிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பது ஒன்று. ஆண்டுக்கு வரும் வருமானத்தை வைத்து, இவ்வளவு வருமானம் தரும் சொத்தை வாங்க ஒருவர் எவ்வளவு கொடுப்பார் என்று கணிப்பது இரண்டாவது. 30 கோடி டாலர் நிகர வருமானம், முதலீட்டாளர் எதிர்பார்ப்பது 10 சதவீதம் என்றால் மதிப்பு 300 கோடி. கம்பெனியின் பங்குகளின் சந்தை விலையையும் கடனையும் கூட்டிப் பார்ப்பது மூன்றாவது. மூன்றும் ஒரே விடையைத் தருவதில்லை. எதற்கு எவ்வளவு எடை தருவது என்பதில்தான் சண்டை எல்லாம்.

பிரிப்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். கம்பெனியின் மொத்த மதிப்பு 2,000 கோடி டாலர். பாதை 10,000 மைல், அதில் நம் மாநிலத்தில் 1,000 மைல். பத்தில் ஒரு பங்கு, ஆகவே மாநிலத்தின் பங்கு 200 கோடி. அந்த 1,000 மைலில் ஒரு கவுன்ட்டியில் 50 மைல் கிடந்தால் அதன் பங்கு 10 கோடி. ஒரு சதவீத வரி என்றால் 10 லட்சம் டாலர். நடைமுறையில் மைல் மட்டும் போதாது. வண்டி ஓடிய தூரம், சரக்கு அளவு, முதலீடு என்று பலதையும் கலந்துதான் மாநிலத்தின் பங்கைக் கணிப்பார்கள்.

மைலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மிசூரி மாநிலத்தின் வழக்கு நல்ல பாடம். நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் என்பது அப்பலாச்சிய மலைகளிலிருந்து நிலக்கரி ஏற்றும் கம்பெனி. 1964-இல் வாபாஷ் என்ற கம்பெனியின் பாதையைக் குத்தகைக்கு எடுத்ததால் அது மிசூரிக்குள் வந்தது. மொத்தப் பாதையில் 8.28 சதவீதம் மிசூரியில் இருந்தது. அதனால் அதன் இன்ஜின், வேகன்களின் மொத்த மதிப்பான சுமார் 51 கோடி டாலரில் 8.28 சதவீதத்தை மிசூரி தன் பங்காக எடுத்துக்கொண்டது. ஆனால் கம்பெனியின் விலை உயர்ந்த நிலக்கரி வேகன்கள் மிசூரிப் பக்கம் வருவதே அரிது. மதிப்பீட்டு நாளில் அங்கே இருந்த வண்டிகளைக் கணக்கிட்டால் மதிப்பில் 3.16 சதவீதம்தான். 1968-இல் உச்ச நீதிமன்றம் மிசூரியின் கணக்கைத் தள்ளிவிட்டது. சூத்திரம் தோராயமாக இருக்கலாம், உண்மையைவிட இரண்டரை மடங்கு தள்ளிப் போகக் கூடாது. இந்த வழக்கில் கம்பெனியைக் காப்பாற்றியது எது? எந்த நாளில் எத்தனை வண்டி எங்கே இருந்தது என்று அது எழுதி வைத்திருந்த கணக்கு. ஒழுங்காக அறிக்கை வைத்திருப்பது மாநிலத்துக்கு மட்டும் நல்லதில்லை.

'எக்ஸ்' போட்ட வேகன்

அடுத்த முறை அமெரிக்காவில் ஒரு ரயில்வே கேட்டில் காத்திருக்க நேர்ந்தால் வேகன்களின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்துகளைக் கவனியுங்கள். கடைசி எழுத்து 'எக்ஸ்' என்று முடிந்தால் அந்த வேகன் ரயில் கம்பெனிக்குச் சொந்தமில்லை. எண்ணெய் டேங்கர்களில் யு.டி.எல்.எக்ஸ், ஜி.ஏ.டி.எக்ஸ் என்ற எழுத்துகளை அடிக்கடி பார்க்கலாம். வேகன்களை வாங்கி வாடகைக்கு விடும் கம்பெனிகள் அவை. அவற்றின் சொத்து எந்த ஊரிலும் நிலையாக நிற்பதில்லை.

இவற்றுக்குக் கலிஃபோர்னியாவில் தனி வரியே உண்டு. ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டு, சராசரியாக மாநிலத்துக்குள் எத்தனை வேகன்கள் இருந்தன என்று பார்ப்பார்கள். ஒரு வேகன் 365 நாளும் மாநிலத்துக்குள் சுற்றினால் ஒன்று. 365 வேகன்கள் ஆளுக்கு ஒரு நாள் வந்துபோனாலும் ஒன்று. இந்த நாள் கணக்கு சரியாக வர வேண்டுமென்றால் வேகன் முதலாளியின் அறிக்கையும் பாதை வைத்திருப்பவரின் பதிவும் இரண்டும் வேண்டும். இந்தப் பணம் கவுன்ட்டிகளுக்குப் போகாது, மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. பயணிகள் ரயில் நடத்தும் ஆம்ட்ராக்குக்கு ஒன்றியச் சட்டமே மாநில வரிகளிலிருந்து விலக்குத் தந்துவிட்டது.

கம்பெனிக்கும் ஒரு காவல்

தொழிற்சாலைக்கு வரி கூடினால் முதலாளி அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவேன் என்று மிரட்டலாம். தண்டவாளத்தைச் சுருட்டிக்கொண்டு போக முடியுமா? உள்ளூர்த் தேர்தலில் ரயில் கம்பெனிக்கு ஓட்டும் இல்லை. ஆகவே பல மாநிலங்கள் ரயில் சொத்தைச் சந்தை மதிப்புக்கு நெருக்கமாகவும், உள்ளூர்க் கடை, ஆலைகளை அதில் பாதிக்கும் குறைவாகவும் மதிப்பிடும் பழக்கத்தில் இருந்தன. 1970-இல் பென் சென்ட்ரல் என்ற பெரும் கம்பெனி திவாலானது. ரயில்களைக் காப்பாற்ற நாடாளுமன்றம் 1976-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சுருக்கமாக 'ஃபோர் ஆர் சட்டம்' என்பார்கள். ரயில் சொத்தின் வரி மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் உள்ள விகிதம், மற்ற வணிக, தொழிற்சாலைச் சொத்துகளின் விகிதத்தைவிட 5 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் கம்பெனி ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுவாக மாநில வரி வழக்குகளை ஒன்றிய நீதிமன்றம் தொடாது; இது பெரிய விதிவிலக்கு. மதிப்பிட மாநிலம் எடுத்துக்கொண்ட முறையையே கேள்வி கேட்கலாமா என்ற சந்தேகம் வெகுநாள் இருந்தது. கேட்கலாம் என்று 2007-இல் ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிராக சி.எஸ்.எக்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது.

இந்தச் சட்டம் கலிஃபோர்னியாவில் எதிர்பாராத ஒரு முடிச்சைப் போட்டது. 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆவது முன்மொழிவின்படி, கவுன்ட்டி மதிப்பிடும் வீடு, கடை, ஆலைகளின் மதிப்பு வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வாரியம் மதிப்பிடும் ரயில், மின்சாரக் கம்பெனிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றுக்கு ஆண்டுதோறும் சந்தை மதிப்பு. அப்படியானால் எப்போதோ வாங்கிய ஆலைகள் பழைய மதிப்பிலேயே தங்கிவிட, ரயில் சொத்து மட்டும் முழு மதிப்பில் நிற்கும். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது சரியாக இதைத்தான். அதனால் வாரியம் ஒவ்வோர் ஆண்டும் மாநிலத்தின் மற்ற வணிக, தொழில் சொத்துகள் சந்தை மதிப்பில் எத்தனை சதவீதத்தில் நிற்கின்றன என்று கணித்து, ரயில் சொத்தையும் அதே அளவுக்குக் குறைக்கிறது. மின்சாரக் கம்பெனிக்கு இந்தக் குறைப்பு கிடையாது.

மேலே பார்த்த கற்பனைக் கவுன்ட்டியில் அந்த விகிதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 10 கோடி 7 கோடியாகும். 10 லட்சம் டாலர் வரி 7 லட்சமாகும். மதிப்பு ஜூன் 1-க்குள் கம்பெனிக்குத் தெரிவிக்கப்படும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஜூலை 20-க்குள் மறுமதிப்பீடு கேட்டு மனுப் போட வேண்டும். ஜூலை 31-க்குள் பட்டியல் கவுன்ட்டி தணிக்கையாளர் கைக்குப் போய்விடும். அதன் பிறகு ரயில் கம்பெனியும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றுதான். முதல் தவணை டிசம்பர் 10-க்குள், இரண்டாவது ஏப்ரல் 10-க்குள். தவறினால் இருவருக்கும் அதே 10 சதவீத அபராதம்.